வாள் யார் கையில்?

வாள்வீச்சு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ராஜா வேஷம்தான். கூத்திலும் சினிமாவிலும் கதாநாயகன் ஒரே மூச்சில் பத்துப் பேரைச் சாய்ப்பான். நாம் கை தட்டுவோம். வாள் பிடிப்பது ராஜா வேலை, கை தட்டுவது குடிகளின் வேலை என்று சின்ன வயசிலிருந்தே நமக்குப் பழகிப் போய்விட்டது.

இந்தப் பழக்கத்தை உடைத்துக் காட்டியது ஒரு சின்னத் தீவு. கரும்பு வெட்டிப் பிழைத்த ஜனங்களின் நாடான கியூபாதான் அது. அந்த நாட்டு வாள்வீச்சுச் சம்மேளனத்தின் சரித்திரத்தை மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுச் செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பெருமையும் உண்டு. 73 பேருடைய சாவும் உண்டு. நமக்கு ஒரு பாடமும் உண்டு.

கனவான்களின் விளையாட்டு

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இது வெட்டிக் கொல்லும் வாள் அல்ல. கம்பிபோல வளையும் மெல்லிய எஃகு வாள், நுனி மழுங்கியது. 14 மீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான தளத்தில் இருவர் எதிரெதிரே நிற்பார்கள். முகத்துக்குக் கம்பி வலைக் கவசம், உடம்புக்குத் தடித்த வெள்ளைச் சட்டை. வாள் எதிராளியின் மேல் பட்டால் மின்சார விளக்கு எரியும், ஒரு புள்ளி. வாளில் மூன்று வகை. ஃபாயில் என்பதில் மார்பும் வயிறும் முதுகும்தான் இலக்கு. எப்பே என்பதில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே பட்டாலும் செல்லும். சேபர் என்பதில் இடுப்புக்கு மேலே குத்தினாலும் செல்லும், வெட்டினாலும் செல்லும். நம் சிலம்பத்தைப் போலவே இதிலும் முதல் வேலை கண்ணுக்கும் காலுக்கும்தான், கை அப்புறம்தான்.

ஆனால் ஒரு பெரிய பேதம் உண்டு. சிலம்பம் களத்துமேட்டில் வளர்ந்தது. இதுவோ பிரபுக்களின் மாளிகையிலும் பட்டாளத்து அதிகாரிகளின் விடுதியிலும் வளர்ந்தது. ஐரோப்பாவின் கனவான்கள் தங்கள் விளையாட்டுகளைச் சுற்றி வேலி போட்டு வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டியை நடத்தியவர்கள் 1879-ல் ஒரு விதியே எழுதினார்கள்: கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கும் கைத்தொழிலாளியும் கூலியாளும் அந்தப் போட்டியில் துடுப்புப் பிடிக்க லாயக்கற்றவர்கள். உழைத்துக் காய்த்த கையோடு மோதினால் என்ன ஆகும் என்று கனவான்களுக்குத் தெரிந்திருந்தது போலும்!

வாள்வீச்சிலும் இந்த வேலி இருந்தது. 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கற்றுக் கொடுத்துக் கூலி வாங்கும் வாத்தியார்களுக்குத் தனிப் போட்டி. கூலி வாங்காத கனவான்களுக்குத் தனிப் போட்டி. பிறகு எப்பே வாளில் இரு சாராரையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். முதலில் வந்தவர் ஆல்பெர் ஆயா என்ற பிரெஞ்சு வாத்தியார். இரண்டாவதாக வந்தவர் கியூபாவைச் சேர்ந்த ராமோன் ஃபான்ஸ்ட் என்ற 16 வயதுப் பையன். கனவான்கள் போட்டியில் தங்கம் வென்றவர் அவர்தான். லத்தீன் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் சாம்பியனும் அவர்தான்.

அப்போது கியூபா சுதந்திர நாடுகூட அல்ல. ஸ்பெயின்காரன் போய் அமெரிக்க ராணுவம் வந்து உட்கார்ந்திருந்த காலம். 1902-ல்தான் குடியரசு என்ற பெயர் கிடைத்தது. 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் ஃபான்ஸ்ட் தங்கம் வென்றார். அவருடைய திறமையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் திறமை வளர்ந்த இடம் பிரான்ஸ். பிள்ளையைக் கடல் தாண்டி வைத்து வாள் பழக்க வசதி இருந்த குடும்பம். அதே காலத்தில் கியூபாவில் கரும்புத் தோட்டத்துக் கூலியின் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வாள், அப்பன் கையிலிருந்த கரும்பு வெட்டுக் கத்திதான்.

அடுத்த அரை நூற்றாண்டும் இப்படியே போயிற்று. வருஷத்தில் நாலைந்து மாசம் கரும்பு வெட்டு. மீதி மாசங்களை அந்த ஜனங்கள் 'செத்த காலம்' என்றே அழைத்தார்கள். தோட்டமும் ஆலையும் பெரும்பகுதி அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் உள்ளூர்ப் பணக்காரர்களுக்கும் சொந்தம். நல்ல கடற்கரைகளும் விளையாட்டுக் கிளப்புகளும் வெள்ளைத் தோல் பணக்காரருக்குச் சொந்தம். சர்வாதிகாரி பாடிஸ்டா நாட்டையே கையில் வைத்திருந்தவன். ஆனால் கலப்பு இனத்தவன் என்பதால் ஹவானாவின் பெரிய படகுக் கிளப்பு அவனையே உள்ளே விடவில்லை. ராஜாவுக்கே அந்தக் கதி என்றால், கரும்பு வெட்டும் கறுப்பனின் மகள் வாளைத் தொடுவது எங்கே?

வேலி உடைந்தது

1959 ஜனவரியில் புரட்சி வென்றது. அதே வருஷம் செப்டம்பரில் வயோதிகர் ஃபான்ஸ்ட் ஹவானாவில் காலமானார். பழைய கனவானின் வாள் ஆயிற்றே என்று புரட்சி அதைக் குப்பையில் எறியவில்லை. ஹவானாவில் ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது. எறிந்தது வேலியைத்தான்.

1961 பிப்ரவரி 23-ல் விளையாட்டுக்கும் உடற்கல்விக்கும் பொழுதுபோக்குக்குமாக ஒரு தேசிய ஸ்தாபனம் ஏற்பட்டது. இன்டெர் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். வாள்வீச்சுச் சம்மேளனம் அதன் கீழ் வேலை செய்தது. 1962-ல் விளையாட்டைக் காசு வியாபாரமாக நடத்துவது ஒழிக்கப்பட்டது. 1967-ல் மைதானங்களுக்கு நுழைவுக் கட்டணமே எடுக்கப்பட்டது. 1976-ல் நிறைவேறிய அரசியல் சட்டம், விளையாட்டும் தேகப்பயிற்சியும் ஒவ்வொரு பிரஜையின் உரிமை என்று எழுதியது.

சட்டத்தில் எழுதுவது சுலபம். நடத்திக் காட்டுவதுதான் கஷ்டம். சாதாரணப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார் குழந்தைகளைக் கவனிப்பார். கண்ணும் காலும் துடிப்பாக இருக்கிற குழந்தை மாகாண விளையாட்டுப் பள்ளிக்குப் போகும். அங்கே ஒரு வேளை பாடம், ஒரு வேளை பயிற்சி. சோறு, துணி, தங்க இடம், வாள், கவசம் எல்லாம் சர்க்கார் பொறுப்பு. அப்பன் என்ன வேலை செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் சோவியத் யூனியனிலிருந்தும் மற்ற சோஷலிஸ்ட் நாடுகளிலிருந்தும் பயிற்சியாளர்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள். அவர்களிடம் கற்ற கியூபர்கள் பிறகு தாங்களே வாத்தியார்களானார்கள்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "தோழரே, கூலிக்காரன் பிள்ளைக்கு முதலில் சோறும் எழுத்தும் வேண்டும். வாள் எதற்கு?"

நியாயமான கேள்வி. இரண்டு பதில் உண்டு.

முதல் பதில்: கியூபா சோற்றையும் எழுத்தையும் மறந்துவிட்டு வாளைத் தூக்கவில்லை. 1959 மே மாதத்திலேயே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்துவிட்டது. 1961-ல் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர்களும் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், ஒரே வருஷத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். விளையாட்டு ஸ்தாபனம் பிறந்ததும் அதே 1961-ல்தான். அந்த வருஷம் ஏப்ரலில்தான் அமெரிக்கா ஆயுதம் கொடுத்து அனுப்பிய கூலிப்படை பிளாயா ஹிரோன் கடற்கரையில் இறங்கி உதை வாங்கியது. நிலம், எழுத்து, துப்பாக்கி, விளையாட்டு எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன.

இரண்டாவது பதில்தான் முக்கியம். "கூலிக்காரனுக்கு வயிறு நிறைந்தால் போதும்" என்பது யாருடைய வாதம்? பண்ணையாருடைய வாதம். மாட்டுக்கு வைக்கோல் போட்டால் போதும் என்று கணக்குப் போடுகிறவனுடைய வாதம். நம் பிள்ளைக்குச் சோறும் வேண்டும், எழுத்தும் வேண்டும், பாட்டும் வேண்டும், வாளும் வேண்டும். மனுஷனுக்கு உள்ளதெல்லாம் வேண்டும். இதை நாமே குறைத்துக் கேட்டால், கொடுக்கிறவன் இன்னும் குறைத்துத்தான் கொடுப்பான்.

1969-ல் உலக வாள்வீச்சுச் சாம்பியன் போட்டி ஹவானாவில் நடந்தது. 1962 முதல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டு நெரித்துக்கொண்டிருந்த தீவுக்கு உலகத்து வாள்வீரர்கள் தேடி வந்தார்கள். மாளிகையில் வளர்ந்த விளையாட்டு, கரும்பு வெட்டும் நாட்டில் வந்து இறங்கியது.

1976 அக்டோபர் 6

1976-ல் வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் வாள்வீச்சுச் சாம்பியன் போட்டி நடந்தது. கியூபாவின் வாலிபர்களும் யுவதிகளும் போனார்கள். தங்கப் பதக்கங்கள் அத்தனையையும் வென்றார்கள். ஒன்றைக்கூட வேறு யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

ஊர் திரும்ப அவர்கள் டிரினிடாடில் கியூபானா விமானத்தில் ஏறினார்கள். கயானாவிலிருந்து புறப்பட்டு டிரினிடாட், பார்படாஸ், ஜமைக்கா வழியாக ஹவானா போக வேண்டிய விமானம். அதே டிரினிடாடில் ஃப்ரெடி லூகோ, எர்னான் ரிக்கார்டோ என்ற இரண்டு வெனிசுவேலாக்காரர்களும் ஏறினார்கள். அவர்கள் பார்படாஸில் இறங்கிக்கொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த வெடிகுண்டுகள் இறங்கவில்லை.

அக்டோபர் 6-ந் தேதி, பார்படாஸை விட்டுக் கிளம்பிய சில நிமிஷங்களில் விமானத்துக்குள் குண்டுகள் வெடித்தன. விமானி திரும்பி இறங்கப் பார்த்தார், முடியவில்லை. விமானம் கடலில் விழுந்தது. 73 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் 57 பேர் கியூபர், 11 பேர் கயானாக்காரர், 5 பேர் வடகொரியர். பல பேருடைய உடலைக்கூடக் கடல் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த 57 கியூபரில் 24 பேர் வாள்வீச்சுக் குழுவினர். ஒரு தேசத்தின் வாள்வீச்சுக் குழு ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அவர்களில் பலர் இருபது வயசு எட்டாதவர்கள். 1959-ல் புரட்சி வந்தபோது தொட்டிலில் கிடந்த குழந்தைகள். வேலி உடைந்த பிறகு நடை பழகிய தலைமுறை அது. கொலைகாரன் குறி வைத்துச் செய்தானோ, குருட்டாம்போக்கில் செய்தானோ, செத்தது அந்தத் தலைமுறை.

கயானாக்காரர்களையும் மறக்கக்கூடாது. அவர்களில் பல பேர் கியூபாவில் இலவசமாக வைத்தியம் படிக்கப் போன பிள்ளைகள். கயானா வேறு யாருடைய நாடோ அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆள் ஏற்றிக் கரும்புத் தோட்டத்தில் இறக்கிய பூமி அது. கரும்பு வெட்டிய ஜனங்களின் பிள்ளைகள், கரும்பு வெட்டிய இன்னொரு நாட்டுக்கு டாக்டர் ஆகப் போனார்கள். போய்ச் சேரவில்லை.

அக்டோபர் 15-ல் ஹவானாவின் புரட்சிச் சதுக்கத்தில் லட்சோப லட்சம் ஜனங்கள் கூடினார்கள். பிடல் காஸ்ட்ரோ பேசினார். விமானக் கடத்தலைத் தடுக்க 1973-ல் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதாக அங்கே அறிவித்தார்.

கொலைகாரர்களுக்கு என்ன நடந்தது?

குண்டு வைத்த இருவருக்கும் வெனிசுவேலாக் கோர்ட்டில் 20 வருஷத் தண்டனை கிடைத்தது. சூத்திரதாரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் லூயிஸ் போசாடா கரிலெஸ், ஓர்லாந்தோ போஷ் என்ற இரண்டு கியூப எதிர்ப்புரட்சிக்காரர்கள். போசாடா 1960-களில் சி.ஐ.ஏ.யிடம் சம்பளம் வாங்கியவன். 1985-ல் வெனிசுவேலாச் சிறையிலிருந்து தப்பினான். பிற்காலத்தில் அமெரிக்காவுக்கு வந்தபோது அவன் மேல் நடந்த வழக்கு என்ன தெரியுமா? 73 பேர் கொலைக்கு அல்ல. குடியேற்ற அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்கு! 2011-ல் அதிலும் விடுதலை. போஷை வெனிசுவேலாக் கோர்ட்டு விடுவித்தது. அவன் அமெரிக்கா போனான். அவன் ஆபத்தான பயங்கரவாதி என்று அமெரிக்க நீதி இலாகாவே எழுதி வைத்திருந்தும், 1990-ல் அங்கே வெளியில் வாழ விடப்பட்டான். 2011-ல் ஒருவன், 2018-ல் ஒருவன். இரண்டு பேரும் மியாமி வட்டாரத்தில் வயசாகிச் செத்தார்கள்.

பிற்காலத்தில் வெளியான சி.ஐ.ஏ.யின் சொந்தத் தஸ்தாவேஜுகளே ஒன்றைச் சொல்கின்றன. கியூப விமானத்துக்குக் குண்டு வைக்க ஒரு கும்பல் திட்டமிடுகிறது என்ற தகவல் 1976 ஜூனிலேயே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. தகவல் கையில் இருந்தது, விமானம் காப்பாற்றப்படவில்லை. பயங்கரவாதத்தைப் பற்றி உலகத்துக்கு உபதேசம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை இன்னும் தீர்க்கவில்லை.

வேர் எங்கே இருந்தது?

பத்துக் கனவான்கள் கூடி நடத்தும் கிளப்பாக இருந்திருந்தால், அன்றோடு கியூபா வாள்வீச்சு முடிந்திருக்கும். 24 பேர் போனால் அப்புறம் யார் இருக்கிறார்கள்? ஆனால் அங்கே சம்மேளனத்தின் வேர் கிளப்பில் இல்லை. மாகாணப் பள்ளிக்கூடங்களில் இருந்தது. மரத்தின் கனி அத்தனையும் உதிர்ந்த பிறகும் வேர் உயிரோடு இருந்தது. செத்தவர்களின் இடத்தில் நிற்கப் பிள்ளைகள் வந்தார்கள்.

1990-ல் தைமி சாப்பே என்ற கியூபப் பெண் எப்பே வாளில் உலகச் சாம்பியன் ஆனாள். 1991-ல் புடாபெஸ்டில் கியூபாவின் ஃபாயில் குழு உலகச் சாம்பியன் ஆயிற்று. விமானம் விழுந்து 15 வருஷம்! 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஃபாயில் குழுவுக்கு வெள்ளி, எல்விஸ் கிரெகோரிக்கு வெண்கலம். 1994-ல் ரோலாண்டோ டக்கர் உலகச் சாம்பியன். 1995-ல் மறுபடியும் ஃபாயில் குழு, 1997-ல் எப்பே குழு உலகச் சாம்பியன்கள். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் எப்பே குழுவுக்கு வெண்கலம்.

இந்த வருஷங்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள். 1991-ல் சோவியத் யூனியன் மறைந்தது. கியூபாவின் உற்பத்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, ஜனங்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். விழட்டும் என்று காத்திருந்த அமெரிக்கா 1992-லும் 1996-லும் புதுச் சட்டம் போட்டுத் தடையின் முடிச்சை இறுக்கியது. அந்தப் பட்டினிக் காலத்தில்தான் இந்த வெற்றிகள். பழைய நாளில் போட்ட விதை பஞ்சத்திலும் முளைத்தது.

உள்ளதை உள்ளபடி

உள்ளதை மறைத்து எழுதினால் அது தொழிலாளி பத்திரிகை அல்ல. 2000-க்குப் பிறகு கியூபா வாள்வீச்சில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கவில்லை. குண்டு செய்ய முடியாததைத் தடையும் வறுமையும் செய்தன. வாள் ஒடிகிற பொருள். சட்டையும் கவசமும் தேய்கிற பொருள். எல்லாம் அந்நியச் செலாவணி கேட்கும். மருந்துக்கே திண்டாடும் நாடு வாளுக்கு எங்கே போகும்?

ஆட்களும் போனார்கள். சாப்பே ஸ்பெயினுக்காக வாள் பிடித்தாள். 1996 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற இவான் டிரெவேஹோ பிறகு பிரான்சுக்காக வாள் பிடித்தார். இவர்களைத் துரோகிகள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட நான் தயாரில்லை. வீரனுக்கும் வீடு வாசல் உண்டு. அவன் உழைப்புக்கு என்ன ஊதியம் என்ற கேள்வியைக் கியூபாவின் ஸ்தாபனங்கள் வெகுநாள் தள்ளிப் போட்டுவிட்டன. 2013-ல்தான் விளையாட்டு வீரர்கள் வெளிநாட்டில் ஒப்பந்தம் செய்து சம்பாதிக்க வழிவிட்டார்கள். முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் என்பது என் அபிப்பிராயம். உழைப்புக்கு ஊதியம் என்பது நம்முடைய கோஷம்தானே! அதை நம்மவர் நாட்டில் மட்டும் மறந்துவிடலாமா?

ஆனால் குற்றத்தின் பெரும்பங்கு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். 60 வருஷத்துக்கு மேலாகத் தீவின் கழுத்தில் கயிறு போட்டு இறுக்கியவன், "பார், மூச்சு வாங்குகிறான்" என்று பரிகாசம் செய்கிறான். இந்தத் தடையை எடு என்று 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை மறுபடி மறுபடி ஓட்டுப் போட்டும் அவன் காதில் ஏறவில்லை.

அப்படியிருந்தும் 2003 அக்டோபரில் உலக வாள்வீச்சுச் சாம்பியன் போட்டி மீண்டும் ஹவானாவில் நடந்தது. விமானம் விழுந்த அதே அக்டோபர் மாதம், 27 வருஷத்துக்குப் பிறகு. உலகத்து வாள்கள் அந்த ஊரில் மறுபடி மோதின. இன்று கியூபாவில் அக்டோபர் 6-ந் தேதி அரசுப் பயங்கரவாதத்துக்குப் பலியானோர் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

பாடம் என்ன?

ஒரு விளையாட்டுச் சம்மேளனத்தைப் பதக்கத்தை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். பதக்கம் வரும், போகும். பணக்கார நாடு விலைக்கு வாங்கியும் பதக்கம் சேர்க்கும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பயிற்சிக் கூடத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது? வாசலில் நிற்கிறவன் குழந்தையின் காலைப் பார்க்கிறானா, அதன் அப்பன் சட்டையைப் பார்க்கிறானா? 24 பேர் ஒரே நாளில் போனால், அவர்கள் இடத்தில் நிற்க 25-வது பிள்ளை எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் தயாராகிக்கொண்டிருக்கிறதா?

கியூபா இந்தக் கேள்விகளுக்குத் தன் உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னது. நம் யூனியனுக்கும் சங்கத்துக்கும் இதே அளவுகோல்தான். நாலு தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டால் நின்றுபோகிற சங்கம் கிளப்பு. நிற்காமல் நடக்கிற சங்கம்தான் இயக்கம்.

அந்த 24 பேரும் வென்ற தங்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய் தகப்பனிடம் காட்டக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் கரும்பு வெட்டுக் கத்தி பிடித்த கையின் வாரிசு, கனவானின் வாளையும் பிடிக்கும், கனவானை ஜெயிக்கவும் செய்யும் என்று காட்டிவிட்டுத்தான் போனார்கள். அதை எந்தக் குண்டாலும் அழிக்க முடியவில்லை.